மாடித்தோட்டமும் ஹைட்ரோபோனிக்ஸும்: வேருக்குக் காற்று போகிறதா?

மாடியில் செடி வாடியிருந்தால் உடனே கை தேடுவது தண்ணீர்க் குழாயை. மறுநாளும் நிமிரவில்லை என்றால் உரம். ஆனால் தொட்டியோ, செடிப் பையான க்ரோ பேக்கோ, மண்ணில்லாமல் சத்து கரைத்த நீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக் வாளியோ, எதில் வளர்த்தாலும் நம் ஊர் வெயிலில் செடியைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டின் குறையும் அல்ல. வேருக்குக் காற்று கிடைக்காததுதான். வேர் உயிருள்ள திசு. இலையிலிருந்து இறங்கி வரும் சர்க்கரையை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்துத்தான் அது சத்துகளை உள்ளே இழுக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்தால் தண்ணீரை உறிஞ்சும் திறனும் சேர்ந்தே போய்விடும். அதனால்தான் நீரில் ஊறிக் கிடக்கும் செடியும், தண்ணீரே காணாத செடியும் ஒரே மாதிரி தலை தொங்கி நிற்கின்றன. அதைப் பார்த்து இன்னொரு குவளை ஊற்றினால் கதை முடிந்தது.

பைக்குள் நடப்பது

தரையில் ஊற்றிய நீரை அடி மண் கீழே இழுத்துக்கொண்டே போகும். பையின் அடித்தளம் வந்ததும் அந்த இழுப்பு நின்றுவிடுகிறது. எத்தனை துளை போட்டிருந்தாலும், அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்குக் கலவை நீரால் நிறைந்தேதான் நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது பையின் அளவு அல்ல. கலவையின் துகள் அளவு. பொடிப்பொடியான மண் என்றால் ஈர அடுக்கு உயரும். கரடுமுரடாக இருந்தால் தாழும். ஒரே கலவையை 6 அங்குலத் தொட்டியிலும் 15 அங்குலப் பையிலும் போட்டால் இரண்டிலும் ஈர அடுக்கின் உயரம் ஒன்றுதான். தொட்டியில் அது வேர்ப் பகுதியில் பாதியை விழுங்கிவிடும், பையில் ஓரத்தில் கிடக்கும். சின்னத் தொட்டியில் தக்காளி ஏன் வருவதில்லை என்பதற்கு இடப் பற்றாக்குறையோடு இதுவும் ஒரு காரணம்.

‘அடியில் ஓட்டுச்சில்லும் ஜல்லியும் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும்’ என்ற யோசனை எல்லா இடத்திலும் சுற்றுகிறது. நடப்பது நேர்மாறு. நுண்துளைகள் உள்ள கலவையிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்கு நீர் சுலபத்தில் இறங்காது. கலவை முழுக்க நிறைந்த பிறகுதான் சொட்டும். ஆக, ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வேருக்கு இருந்த இடமும் குறைகிறது. துளையை அடைக்காமல் மண் வெளியேறுவதைத் தடுக்க ஒரு துண்டு நிழல்வலை போதும். தேங்கிய நீரை உடனே எடுக்க வேண்டுமானால், பையைச் செங்கல்லில் சாய்த்து ஓரத்துத் துளை கீழே வரும்படி வையுங்கள். சாய்க்கும்போது நீரின் உயரம் கூடுவதால், நேராக நின்றபோது வராத தண்ணீர் வடிந்து வரும்.

கலவை: தென்னை நார்த் தூளான கோகோபீட் 4 பங்கு, மண்புழு உரம் அல்லது நன்றாக மக்கிய தொழுவுரம் 3 பங்கு, செம்மண் 2 பங்கு, கரடுமுரடான பொருள் 1 பங்கு. கடைசியாகச் சொன்னதற்குப் பொரித்த எரிமலைக் கல்லான பெர்லைட்டும் ஆகும், கருக்கிய உமியும் ஆகும். மலிவில் முடிக்க உமிதான் நல்லது. 12க்கு 12 அங்குலப் பை ஏறக்குறைய 22 லிட்டர் கொள்ளும். ஒரு கத்தரி, ஒரு மிளகாய், ஒரு வெண்டை என்று பைக்கு ஒன்றாக வைக்க அது போதும். தக்காளிக்கு 15க்கு 15 அங்குலம், அதாவது 43 லிட்டர். வேப்பம் புண்ணாக்கு பைக்கு 50 முதல் 100 கிராம் வரை கலக்கலாம். மேலே 2 அங்குலம் காலியாக விடாவிட்டால் ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும்.

கோகோபீட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் 5 கிலோ கட்டி 20, 25 லிட்டர் தண்ணீர் குடித்து 65 முதல் 75 லிட்டர் வரை விரியும். தென்னை நாரில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம், குளோரைடு உப்புகள் அதிகம். கழுவாத கட்டியில் நட்ட நாற்றின் இலை ஓரம் தீய்ந்துபோவது இதனால். இரண்டு மூன்று முறை அலசினால் கரையக்கூடிய உப்பு போகும். நாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் போகாது. பிறகு நாம் போடும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் நார் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு இவற்றை விடும். செடிக்குக் கால்சியம் கிடைக்காது. அதற்கு முன்கூட்டியே ஒரு கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 25 லிட்டர் நீரில் கரைத்து, அதில் ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் அலச வேண்டும். மண்ணும் உரமும் கலந்த பைக்கு இது விட்டுப்போனாலும் பெரிய சேதம் இல்லை. கோகோபீட்டை மட்டும் நிரப்பி சத்துநீர் ஊற்றுகிறவர்கள் இதைத் தவிர்க்கக் கூடாது.

தக்காளியின் அடி கருத்து அழுகினால் முட்டை ஓட்டுப் பொடியைத் தூவுகிறார்கள். ஓட்டில் உள்ள கால்சியம் கார்பனேட் அந்தச் சீசனுக்குள் கரைந்து பழத்துக்குப் போய்ச் சேராது. அதைவிட, கால்சியம் நீரோட்டத்தோடு மட்டுமே நகரும் சத்து. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் மண்ணில் எவ்வளவு இருந்தாலும் காயின் நுனிக்கு எட்டாது. காய் பிடித்த தக்காளி கோடையில் நாளுக்கு 2, 3 லிட்டர் குடிக்கும். காலையும் மாலையும் பிரித்து ஊற்றுவதும் மேலே காய்ந்த இலை மூடாக்குப் போடுவதும்தான் மருந்து.

எடையையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றால் முடியாது, வீடு நம்முடையது. ஆள் போய்வரும் மொட்டைமாடிக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 வைத்திருக்கும் கூடுதல் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறத்தாழ 150 கிலோ. ஒரு அடி உயரத்துக்கு ஈர மண் கொட்டினால் அதே சதுர மீட்டரில் 500 கிலோவைத் தாண்டும். கோகோபீட் கலவை அதில் ஏறத்தாழப் பாதி. ஆகவே மாடியில் பாத்தி கட்டி மண் நிரப்புவது வேண்டாம். பைகளை இடைவெளி விட்டு, சுவர் ஓரங்களிலும் உத்தரத்தின் மேலும் வையுங்கள். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் தேக்கும் ஹைட்ரோபோனிக் அமைப்பும் 200 கிலோதான் என்பதை மறக்க வேண்டாம்.

மண்ணே இல்லாதபோது

செடிக்கு மண் கட்டாயமில்லை என்பது 1860களிலேயே ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும் உப்புக் கரைசலில் செடி வளர்த்துக் காட்டிய விஷயம். கலிஃபோர்னியாவில் ஹோக்லாண்டும் ஆர்னனும் 1938ல் வெளியிட்ட கரைசல் விகிதம் இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. இந்தியாவிலும் இது புதிதல்ல: 1940களின் பிற்பாதியில் கலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ், பம்பும் மின்சாரமும் இல்லாமல் சரளைப் பாத்தியில் கையால் சத்துநீர் ஊற்றி வளர்க்கும் முறையை உருவாக்கினார். வீட்டுக்கு மிக எளியது என்று நாங்கள் சொல்வது ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி வகுத்த முறை. பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது.

மூடியுள்ள 20 லிட்டர் வாளி ஒன்று எடுங்கள். பெயின்ட் இருந்த வாளி வேண்டாம். மூடியில் 2 அங்குல ஓட்டை மூன்று. அதில் நெட் பாட், அதாவது வலைபோல ஓட்டைகள் உள்ள சின்னத் தொட்டி. சத்துநீரின் மட்டம் நெட் பாட்டின் அடியை ஒரு சென்டிமீட்டர் தொடும்படி நிரப்பி, 3, 4 இலை விட்ட நாற்றை வையுங்கள். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். இறங்கிய இடத்தில் ஈரக் காற்று நிற்கும். அந்தப் பகுதி வேர்கள் பஞ்சுபோல நுண்கிளை விட்டு, காற்றிலிருந்தே ஆக்சிஜன் எடுக்கப் பழகிவிடுகின்றன. நீரில் மூழ்கிய வேர்கள் சத்தை எடுக்கின்றன. சாலட் இலையான லெட்டூஸ் ஒன்றுக்கு அறுவடை வரை 4 முதல் 6 லிட்டர் தேவைப்படும் என்பதால் இருபது லிட்டருக்கு மூன்று செடி சரியான கணக்கு.

இந்த முறையில் செடி சாவது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில், அக்கறையால். ‘தண்ணீர் பாதியாகிவிட்டதே’ என்று மறுபடி விளிம்பு வரை நிரப்பிவிடுவார்கள். காற்றில் பழகிய வேர் அத்தனையும் ஒரே நாளில் மூழ்கி மூச்சு முட்டும். நிரப்பியே ஆக வேண்டும் என்றால் வாளியின் கால் பங்கு மட்டத்துக்கு மேல் போகக் கூடாது.

இனி வெப்பம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம், 25ல் 8.3, 30ல் 7.6, 35ல் 7க்குச் சற்றுக் கீழே. குறைவு சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அதே வெப்பத்தில் வேரின் சுவாசமும் கிருமிகளின் சுவாசமும் வேகமெடுக்கின்றன. வரவு குறையும்போது செலவு ஏறுகிறது. வெதுவெதுப்பான, காற்றில்லாத நீர்தான் வேரை அழுகவைக்கும், பூஞ்சை போன்ற பித்தியம் கிருமிக்குப் பிடித்த இடம். வெள்ளை வேர் பழுப்பாகி, கையால் உருவினால் தோல் கழன்று உள்நரம்பு நூலாக நிற்கும். சாக்கடை வாசம் வரும். அந்தக் கட்டத்தில் மருந்து தேடுவதைவிட வாளியைக் கொட்டிக் கழுவிப் புதிதாகத் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

சென்னை மே மாதத்தில் வெயிலில் வைத்த கறுப்பு வாளியின் நீர் 40 டிகிரியைத் தொடும். வெளிப்புறம் வெள்ளை, உள்ளே ஒளி புகாத வாளிதான் வேண்டும். ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும். தெர்மோகோல் சுற்றி, 50 சதவீத நிழல்வலைக்கடியில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. உறைய வைத்த ஒரு லிட்டர் பாட்டிலை 33 டிகிரியில் இருக்கும் 20 லிட்டரில் இட்டால் ஐந்து டிகிரி அளவுக்கு இறங்கும்; இரண்டு, மூன்று மணி நேரத்தில் பழைய நிலைதான். உச்சி வெயில் நேரத்துக்கு முட்டுக்கொடுக்க உதவும், அவ்வளவே.

மீன் தொட்டி ஏர் பம்ப் 5 வாட்டுக்குள் ஓடும். கரைசல் ஆழமாக இருந்தால் அது நல்ல முதலீடு. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் போன நொடியில் குழாய் வழியாக நீர் திரும்பி வந்து பம்பையும் ப்ளக்கையும் நனைக்கும். 4 அங்குல பிவிசி குழாய்களில் மெல்லிய நீரோட்டம் விடும் என்.எஃப்.டி. அமைப்பு பார்க்க அழகு. மீட்டருக்கு 2, 2.5 சென்டிமீட்டர் சரிவும், குழாய்க்கு நிமிடம் ஒன்றிரண்டு லிட்டர் ஓட்டமும் வேண்டும். ஆனால் அதில் நீர் இருப்பே இல்லை. ஏப்ரல் மதியம் ஒரு மணி நேரம் மின்வெட்டு வந்தால் இலைகள் சரிந்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு நாங்கள் இதைச் சிபாரிசு செய்வதில்லை.

எந்த அமைப்பானாலும் நீர் தேங்குமிடத்தில் டெங்கு கொசு முட்டையிடும். நெட் பாட்டுக்கும் ஓட்டைக்கும் இடையே விரல் நுழையும் சந்து இருந்தாலே போதும் அதற்கு. சந்தை அடைத்து, காற்றுத் துளைகளுக்குக் கொசுவலை ஒட்டுங்கள்.

சத்துநீரும் போர் தண்ணீரும்

மண்ணில்லாமல் வளர்ப்பவர்கள் முதலில் வாங்குவது, தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். அதில் உள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா வடிவம். மண்ணில் கிருமிகள் அதை உடைத்து வேருக்குத் தரும். சுத்தமான கரைசலில் அந்த வேலைக்கு ஆள் குறைவு. கால்சியமும் அதில் இல்லை. இலை வெளிறி, துளிர் சுருண்டு நிற்கும் வாளிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும்.

கீரை வகைகளுக்கு ஒரு நல்ல விகிதம், நூறு மடங்கு செறிவில். ஏ பாட்டில், ஒரு லிட்டரில்: கால்சியம் நைட்ரேட் 70 கிராம், இரும்பைக் கரைசலில் பிடித்துவைக்கும் ஈடிடிஏ வடிவத்து 12 சதவீத இரும்பு 2 கிராம். பி பாட்டில், ஒரு லிட்டரில்: பொட்டாசியம் நைட்ரேட் 35 கிராம், 0:52:34 என்று விற்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 15 கிராம், மெக்னீசியம் சல்பேட் 40 கிராம், நுண்சத்துக் கலவை பாக்கெட்டில் சொன்ன அளவு. பயன்படுத்தும்போது லிட்டருக்கு ஏ 10 மில்லி, நன்றாகக் கலக்கிய பிறகு பி 10 மில்லி. சுத்தமான நீரில் இதன் ஈசி, அதாவது கரைந்த உப்பின் அளவைச் சொல்லும் மின்கடத்துத்திறன், 1.4, 1.5 மில்லி சீமென்ஸ் காட்டும். லெட்டூஸுக்கு 1.0 முதல் 1.5 போதும், பாலக் 2 வரை தாங்கும். தக்காளி காய்க்கும்போது 2.5 பக்கம் கேட்கும். அதற்குப் பொட்டாசியம் கூடிய வேறு விகிதம் நல்லது.

இரண்டு பாட்டிலையும் ஏன் ஒன்றாக்கக் கூடாது? செறிவான நிலையில் கால்சியம், சல்பேட்டைப் பார்த்தால் ஜிப்சமாகவும் பாஸ்பேட்டைப் பார்த்தால் கால்சியம் பாஸ்பேட்டாகவும் வெள்ளை வண்டலாக அடியில் படிந்துவிடும். செடிக்குப் போக வேண்டியது பாட்டிலின் அடியில் சுண்ணாம்பாக நிற்கும்.

ஈசி மீட்டரை எப்படிப் படிப்பது என்பது முக்கியம். கரைந்த உப்பை அளக்கக் கடையில் கிடைக்கும் டிடிஎஸ் பேனா, ஈசியை 500ஆல் பெருக்கிக் காட்டுகிறது, சில 700ஆல். எது என்று பார்க்காமல் இணையத்து அட்டவணையோடு ஒப்பிட்டால் உரம் கூடியோ குறைந்தோ போகும். மட்டம் இறங்கும்போது ஈசி ஏறினால் செடி நீரை மட்டும் குடிக்கிறது, கரைசல் கெட்டி. வெறும் நீர் சேருங்கள். ஈசி இறங்கினால் செடிக்குச் சத்துப் பசி.

கரைசலின் அமில-கார அளவான பிஎச் 5.5க்கும் 6.5க்கும் இடையே. 6.5ஐத் தாண்டினால் ஈடிடிஏ இரும்பு பிடி தளர்ந்து வீணாகும்; இளந்துளிர் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தெரியும். நிறைய பேர் அதைப் பார்த்து இன்னும் இரும்பு போடுகிறார்கள். பார்க்க வேண்டியது பிஎச். பிஎச் பேனாவை, பிஎச் 6.86, 4.01 என்று தெரிந்த பொடிக் கரைசல்களில் மாதம் ஒரு முறையாவது சரிபார்க்க வேண்டும். முனை காய்ந்தால் பேனா போயிற்று.

போர் தண்ணீர் உள்ள வீடுகளின் தலைவலி பைகார்பனேட். அமிலம் விட்டு பிஎச்சை இறக்கி வைத்தால் இரண்டு நாளில் மறுபடி ஏறி நிற்கும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள நீரை பாஸ்பாரிக் அமிலத்தால் மட்டும் அடக்க முயன்றால் 150 மில்லிகிராம் அளவுக்குப் பாஸ்பரஸ் உள்ளே வந்துவிடும். கீரைக்குத் தேவையோ 30, 40தான். எலுமிச்சையும் வினிகரும் ஓரிரு நாள் தாங்கும், பிறகு கிருமிகள் அதைத் தின்றுவிடும். ஆகவே அமிலத்தோடு மல்லுக்கட்டாமல் மழைநீரையோ ஆர்ஓ நீரையோ பாதிக்குப் பாதி கலப்பதே வழி. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் இதற்குத் தொடாதீர்கள். நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. டிடிஎஸ் 800 காட்டும் நீரில் சத்து போடும் முன்பே ஈசி 1.6 ஆகிவிடும். அந்த உப்பில் பெரும்பகுதி செடிக்கு உணவும் அல்ல.

எதை, எப்போது

லெட்டூஸ் விதை 30 டிகிரியை ஒட்டி வெப்பம் ஏறினால் முளைக்க மறுத்து உறங்கிவிடும். முளைத்தாலும் கோடையில் சீக்கிரம் பூத்தண்டு விட்டுக் கசக்கும். சென்னை, மதுரை, திருச்சி வீடுகளில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் அதற்குக் காலம். ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு கதை வேறு. ஆண்டு முழுக்க நீரில் வளர்க்க விரும்பினால் வள்ளைக்கீரையைப் பாருங்கள். இலங்கையில் கங்குன் என்று சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைப்பது இதுதான். குளத்துச் செடி; தண்டு குழல்போல உள்ளீடற்றது; காற்றை மேலிருந்து வேருக்குத் தானே இறக்கிக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரைப் பற்றி மேலே சொன்ன பயமெல்லாம் இதற்குச் செல்லாது. கடையில் வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டை நீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விடும். அதுவும் நல்ல தொடக்கம்.

தண்டுக்கீரை, அரைக்கீரை, வெண்டை, கத்தரி, கொத்தவரை, அவரை, புடலை எல்லாம் பையில் போட்டாலே நன்றாக வருகிறவை. இவற்றுக்கு வாளியும் மீட்டரும் வாங்குவது வீண் செலவு என்பது எங்கள் கருத்து. ஆடியிலும் தையிலும் விதைத்தால் பாதிப் பிரச்சினை வராது. வெள்ளை ஈ வந்தால் மிளகாயும் தக்காளியும் இலைச்சுருட்டு வைரஸில் போகும். மஞ்சள் ஒட்டுப்பொறியும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு மாலையில் தெளிப்பதும் முன்கூட்டியே நடக்க வேண்டும். சுருண்ட செடி திரும்பாது, பிடுங்கிவிடுங்கள்.

வெயில் விழாத பால்கனியில் காய் எதிர்பார்க்காதீர்கள். வீட்டுக்குள் விளக்கில் வளர்க்கலாமா என்றால், 4 அடிக்கு 1 அடித் தட்டுக்கு 20 வாட் எல்இடி ட்யூப் மூன்று, நாளுக்கு 14 மணி நேரம். மாதம் 25 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதியை எட்டு, பத்து லெட்டூஸ் குடித்துவிடும். அந்தக் காசுக்கு அது தகுமா என்பது லெட்டூஸ் மேல் உள்ள பிரியத்தைப் பொறுத்தது.

அறுவடை முடிந்த வாளியில் மிஞ்சிய சத்துநீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். வேர் ஆரோக்கியமாக இருந்திருந்தால், அதே அளவு தண்ணீர் கலந்து பைகளுக்கு ஊற்றலாம். வேர் அழுகிய வாளி நீரை மட்டும் செடிகள் பக்கம் கொண்டுபோகாமல் கொட்டிவிட்டு, லிட்டருக்கு 10 மில்லி வீட்டு பிளீச்சிங் திரவம் கலந்த நீரில் வாளியையும் நெட் பாட்டையும் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவையுங்கள். பைகளிலும் போர் தண்ணீரின் உப்பு சேர்ந்துகொண்டே போகும். விளிம்பில் வெள்ளைப் படலம் தெரிந்தால் 22 லிட்டர் பைக்கு 10 லிட்டர் நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிட வேண்டும், முடிந்தால் மழைநீர். வடியும் நீர் மாடித் தளத்தில் தேங்கினால் கசிவு வரும். பைகளுக்குக் கீழே செங்கலோ இரும்பு ஸ்டாண்டோ கொடுத்துத் தளத்துக்கும் பைக்கும் இடையே கை நுழையும் இடைவெளி விடுங்கள்.